ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தவர்கள் வழக்கில் செய்யும் தவறுகள்

2006 ஏப்ரலிலிருந்து அமெரிக்கக் கடைகளில் விற்ற பல விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது: 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்'. எக்ஸ்பிக்கு அடுத்து வரவிருந்த விண்டோஸ் பதிப்பான விஸ்டா அப்போது வெளிவரவே இல்லை. பொதுமக்கள் கைக்கு அது வந்தது 2007 ஜனவரி 30-ல். இடையில் ஒரு கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் கிடந்தது. "இன்றைக்கு வாங்கினால் விஸ்டா வந்ததும் வீணாகிவிடுமே" என்று தயங்கியவர்களுக்குக் கடைக்காரர் விரல் நீட்டிக் காட்டிய பதில் அந்த ஸ்டிக்கர்தான்.

விஸ்டா வந்த பிறகு பலருக்கு விஷயம் புரிந்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்த தெம்பு விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பான 'ஹோம் பேசிக்' ஓடும் அளவுக்குத்தான். விளம்பரங்களில் கண்ணாடி மாதிரி மின்னிய 'ஏரோ' திரை அதில் கிடையாது. 2007-ல் சியாட்டிலில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் பதிவானது. பொருத்தம் பற்றிய லேபிளை நம்பி ஏமாந்தவர்கள் சட்டத்திடம் போனால் எங்கெங்கே சறுக்குவார்கள் என்பதை இந்த ஒரு வழக்கிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

ஏமாற்றியது நிரூபணமானால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பது

இதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஏரோ ஓட வேண்டுமானால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு விஸ்டாவின் புதிய டிரைவர் முறை (சிப்பையும் விண்டோஸையும் இணைக்கும் மென்பொருள் முறை) பிடிபட வேண்டும். அன்று மலிவு லேப்டாப்களில் பரவலாக இருந்த இன்டெல் 915 சிப்செட்டுக்கு அது பிடிபடாது. ஆரம்பத்தில் அந்த டிரைவர் முறை இருந்தால்தான் ஸ்டிக்கர் என்று இருந்த நிபந்தனையை, 2006 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் தளர்த்தியது. 915-ம் 'கேப்பபிள்' ஆனது. கடைசியில் நின்ற குறைந்தபட்சத் தேவை 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ரேம், டைரக்ட்எக்ஸ் 9 கிராஃபிக்ஸ். ஏரோவோடு விஸ்டாவை முழுசாக ஓட்ட 'பிரீமியம் ரெடி' என்ற வேறொரு அடையாளம் தனியாக இருந்தது. அதற்கு 1 ஜிபி ரேமும் புதிய டிரைவர் முறையும் வேண்டும். 'கேப்பபிள்' என்றால் ஒன்று, 'ரெடி' என்றால் இன்னொன்று. இந்த வித்தியாசத்தைக் கடையில் நிற்கிற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2008 பிப்ரவரியில் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் நீதிமன்ற ஆவணங்களாக வெளியே வந்தன. இன்டெல் தன் காலாண்டு வருமான இலக்கை எட்ட உதவத்தான் தேவையைக் குறைத்தோம் என்று ஒரு மூத்த அதிகாரியே எழுதியிருந்தார். நல்ல கிராஃபிக்ஸுக்காக ஏற்கெனவே பணம் போட்டிருந்த கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் எச்பி, இந்தத் தளர்வை எதிர்த்துக் கொதித்திருந்தது. மைக்ரோசாஃப்டின் துணைத்தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், தான் வாங்கிய சோனி லேப்டாப்பைப் பற்றி, இப்போது என்னிடம் இருப்பது 2,100 டாலர் மின்னஞ்சல் இயந்திரம் என்று எழுதியிருந்தார். உள்ளே இருந்தவரையே அந்த லேபிள் சுட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே பிப்ரவரியில் நீதிபதி மார்ஷா பெக்மன் இதைக் கூட்டு வழக்காக, அதாவது ஒரே குறையுள்ள எல்லாருக்காகவும் சிலர் நடத்தும் வழக்காக, அனுமதித்தார். ஆனால் ஒரு எல்லையோடு. யார் எதை நம்பி வாங்கினார் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதைக் கூட்டாக விசாரிக்க முடியாது. ஸ்டிக்கர் ஒட்டியதால் இந்தக் கம்ப்யூட்டர்களுக்குக் கிராக்கி கூடியது, கிராக்கியால் விலை ஏறியது, ஆகவே வாங்கிய எல்லாருமே கூடுதலாகக் கொடுத்தார்கள் என்ற வாதத்துக்கு மட்டும் வழி விட்டார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2009 பிப்ரவரியில், அந்தக் கூட்டு அனுமதியை அவரே திரும்பப் பெற்றார். ஸ்டிக்கரால் கிராக்கி கூடியது, அதனால் விலை ஏறியது என்பதை வாதிகள் தரப்புப் பொருளாதார நிபுணரின் ஆய்வு எண்ணில் காட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் அது லேசான வேலையும் இல்லை. ஸ்டிக்கரில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பெயர்; கம்ப்யூட்டருக்கு விலை வைத்தது இன்னொரு நிறுவனம்; கடையில் தள்ளுபடி கொடுத்தது மூன்றாமவர். வழக்குத் தொடுத்த ஒரு சிலர் தங்கள் அளவில் தனித்தனியாகத் தொடரலாம் என்ற நிலைதான் மிஞ்சியது. மின்னஞ்சல்கள் ஊர் சிரிக்கக் கிடந்தன, ஆனால் லட்சக்கணக்கானவர்களின் வழக்கு அவற்றால் காப்பாற்றப்படவில்லை.

வழக்கு நடந்தது வாஷிங்டன் மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். ஏமாற்றுச் செயல் இருந்தது என்று காட்டுவது அதில் ஒரு படிதான். உங்கள் பணத்துக்கோ பொருளுக்கோ நஷ்டம் வந்தது, அந்த நஷ்டம் இந்தச் செயலால் வந்தது என்ற படிகளையும் ஏற வேண்டும். "என்னிடம் பொய் சொன்னார்கள்" என்பது ஒரு வாக்கியம். "அந்தப் பொய்யால் எனக்கு இவ்வளவு போனது" என்பது வேறு வாக்கியம். கோபத்தில் இருக்கிறவருக்கு முதல் வாக்கியமே போதும்போல் இருக்கும். நீதிமன்றம் கேட்பது இரண்டாவதை.

எதைப் பார்த்து வாங்கினோம் என்பதைக் காட்ட முடியாமல் நிற்பது

பிராசசர் தயாரிக்கும் ஏஎம்டி மீதான வழக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புல்டோசர் வரிசை எஃப்எக்ஸ் பிராசசர்களை எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள் கொண்டவை, என்று விற்றார்கள். உள்ளே இருந்தது நான்கு மாட்யூல்கள், அதாவது தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டன, தசமக் கணக்குப் போடும் பகுதி உட்பட. இது எட்டா நாலா என்று 2015-ல் கலிஃபோர்னியாவில் வழக்கு வந்தது. 2019-ல் நீதிமன்றம் ஏற்ற கூட்டம் 'வாங்கிய எல்லாரும்' இல்லை. கலிஃபோர்னியாவில் வசித்தபோது வாங்கியவர்கள், அல்லது ஏஎம்டியின் இணையதளத்தைப் பார்த்த பிறகு வாங்கியவர்கள் மட்டும். எட்டு கோர் என்ற பேச்சு கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லக்கூடிய கூட்டம் அது. வட்டம் சின்னது, ஆனால் நின்றது. அதே ஆண்டு 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

தனி ஆளுக்கும் இதே கதைதான். ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பெட்டியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து "அதில் அப்படி எழுதியிருந்தது" என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். பொருளின் இணையப் பக்கத்தை வாங்கிய நாளன்றே சேமித்து வையுங்கள். அந்தப் பக்கங்களைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள். "இது ஓடுமா" என்று கடைக்காரரிடம் அரட்டைப் பெட்டியில் கேட்டிருந்தால் அந்தப் பதில் தங்கம். எது வரும், எது வராது என்று தெரிந்த பிறகு அதைச் சரிக்கட்ட வாங்கிய ரேம், கார்டு, கொடுத்த கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். நஷ்டத்துக்கு எண் கொடுப்பது அந்த ரசீதுதான்.

பொடி எழுத்தைத் திருப்பிப் பார்க்காதது

64 ஜிபி பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 59.6 என்று காட்டும். நான்கு ஜிபியை யாரோ தின்றுவிட்ட மாதிரி இருக்கும். தயாரிப்பாளர் 1 ஜிபிக்கு நூறு கோடி பைட் வைக்கிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட் வைத்து வகுக்கிறது. இதை ஏமாற்று என்று பென் டிரைவ் தயாரிப்பாளர் சான்டிஸ்க் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். அட்டையின் முன்பக்கத்தில் 64 ஜிபிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பின்பக்கத்தில் அதன் விளக்கம், 1 ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று. 2020-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இதைப் படித்துவிட்டுப் பொடி எழுத்து போட்டால் எதுவும் செல்லும் என்று ஒதுங்குவதும் தவறுதான். 2008-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) கெர்பர் குழந்தை உணவு வழக்கில் சொன்னது நேர் எதிர்ப்பக்கம்: முன்பக்கத்தில் பழங்களின் படத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டு, உள்ளே இல்லை என்பதைப் பின்பக்கப் பொடி எழுத்தில் தேடிக்கொள் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு தெரியும். முன்பக்கச் சொல் இரண்டு அர்த்தம் தருவதாக இருந்தால் பின்பக்கம் விளக்கலாம். முன்பக்கமே பொய்யானால் விளக்கம் உதவாது. பொருத்த லேபிள்களில் சிக்கல் எங்கே என்றால், 'சப்போர்ட்', 'ரெடி', 'கேப்பபிள்' எல்லாமே இரண்டு அர்த்தச் சொற்கள். வேண்டுமென்றேதான் அப்படி என்பது என் எண்ணம். ஆகவே அந்தச் சொற்களைப் பார்த்ததும் கை தானாகப் பெட்டியைத் திருப்ப வேண்டும்.

வாசலிலேயே தோற்பது

சில வழக்குகள் பொய்யா மெய்யா என்ற இடத்துக்குப் போவதே இல்லை. கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தீர்வுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்பதானால், குறைந்தது 30 நாள் முன்பே எழுத்துப்பூர்வமாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதுவும் ஒப்புகையோடு பதிவுத் தபாலில். மின்னஞ்சலில் திட்டியது கணக்கில் வராது. மூன்று வருடக் கெடுவும் உண்டு. இந்தச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்குத்தான்; வரியை நினைத்துக் கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால் அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கும்.

நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம்தான் போவேன், கூட்டாக வழக்குப் போட மாட்டேன் என்ற நிபந்தனைக்கும் பலர் பார்க்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டியிருப்பார்கள். 2011-ல் ஏடி&டி மொபிலிட்டி என்ற செல்போன் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நிபந்தனைகளைச் செல்லும் என்றது. 'இலவச' போனுக்கு வசூலித்த 30.22 டாலர் விற்பனை வரியில் தொடங்கிய வழக்கு அது. அந்த ஒப்பந்தமே சிறு தொகைகளுக்கான சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போக வழி விட்டிருந்தது. வேறு பல ஒப்பந்தங்களிலும் அந்த வழி இருக்கும். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். ஒரு லேப்டாப்புக்கு அது தாராளம். அங்கே உங்களுக்காக வக்கீல் வந்து வாதாட முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படியே.

அதற்கும் முன்னால், பொருளைத் திருப்பித் தரும் கெடு தாண்டிவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் 'அப்டேட் வந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருந்தே பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள்.

சமரசக் கடிதத்தைத் தூக்கிப் போடுவது

கூட்டு வழக்கு சமரசமானால் பெரிதாக எதுவும் கைக்கு வராது என்பது உண்மை. வன்தட்டின் அளவு பற்றிய வழக்கில் 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கொடுத்தது ஒரு பேக்கப் மென்பொருள். அடுத்த ஆண்டு சீகேட் விலையில் 5 சதவீதம், அல்லது மென்பொருள். என்விடியா ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டில் 4 ஜிபி நினைவகம் என்றார்கள். கடைசி அரை ஜிபி மற்றதைவிட மெதுவாக ஓடியது 2015-ல் அம்பலமானது. அதற்கு 2016 சமரசத்தில் கார்டுக்கு 30 டாலர்.

ஆனால் கடிதத்தைப் படிக்காமல் விட்டால் வருவது பூஜ்யம் மட்டும் இல்லை. படிவம் அனுப்பாதவருக்குப் பணம் வராது. விலகுகிறேன் என்று கெடுவுக்குள் எழுதாதவர் சமரசத்துக்குள் இருப்பதாகவே கணக்கு. அதே குறைக்காகத் தனியாக வழக்குப் போடும் உரிமையும் அதோடு போய்விடும். உங்கள் நஷ்டம் 30 டாலர்தான் என்றால் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். வேலையே நின்று ஆயிரம் டாலர் போயிருந்தால், ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, விலகல் கடிதத்துக்கான கடைசித் தேதியை முதலில் தேடுங்கள்.