பைன் விதை எடுக்கப் போறீங்களா, ஒரே மரத்துல எடுக்காதீங்க

ஏற்காட்டுக்கு வர்றவங்க பைன் காய் ஒண்ணு கெடச்சா பைல போட்டுட்டுப் போயி வீட்ல விதைச்சுப் பாக்கறாங்க, முளைக்கலன்னதும் விட்டுடறாங்க, ஆசையா செஞ்சது வீணாப் போறது கஷ்டமா இருக்குங்க, அதான் எழுதறேன்.

மொதல்ல அது பைன்தானான்னு பாருங்க. சவுக்கு ஊசியப் புடிச்சு இழுத்தா கணு கணுவா கழண்டு வரும், பைன் அப்படி வராது, அடியில சின்ன உறைக்குள்ள கொத்தா இருக்கும், அந்தக் கொத்துல எத்தனைன்னு எண்ணுங்க. இமயமலை சிர் பைன்னா மூணு, அங்கயே இன்னும் ஒசரத்துல இருக்கற நீலப் பைன்னா அஞ்சு. மெக்சிகோவோட பட்டுலா பைனுக்கும் பெரும்பாலும் மூணுதான், ஆனா மெலிசா தலைமுடி மாதிரி தொங்கும். தென்னிந்தியாவுக்குன்னு சொந்தமா ஒரு பைன்கூட கெடையாதுங்க, நம்ம காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த மாதிரி இதுவும் யாரோ விதை கொண்டாந்து நட்டதுதான்.

இப்ப முக்கியமான விஷயம். பைனுக்கு மகரந்தம் காத்துல வரணும். தனியா நிக்கற மரம் தன் மகரந்தத்தையே வாங்கிக்கும், அதுல பாதிக்கு மேல பதராப் போயிடும், முளைச்சாலும் நோஞ்சானா நிக்கும். இன்னொண்ணு, ஒரே மரத்து விதைன்னா கன்னுங்களுக்குள்ள வித்தியாசம் கம்மியா இருக்கும், அதுவும் ஆபத்து. கலிபோர்னியாவுல டோரி பைன்னு ஒண்ணு, சான் டியாகோ கடலோரத்துலயும் சான்டா ரோசா தீவுலயும் மட்டும்தான் இயற்கையா இருக்கு, ஒரு எடத்து மரங்களுக்குள்ள ஜீன் வித்தியாசமே கிட்டத்தட்ட இல்ல, ஒரு நோய் வந்தா எல்லாமே ஒரே மாதிரி மாட்டிக்கும்.

அதனால 20 மரத்துலயாவது எடுங்க, ஒண்ணுக்கொண்ணு 100 மீட்டர் தள்ளி. விதை தாய் மரத்துக்குப் பக்கத்துலயே விழறதால தானா முளைச்ச எடத்துல அடுத்தடுத்த மரம் அண்ணன் தம்பியா இருக்கும். நட்ட தோப்புன்னா மொத்தமும் ஒரே மூட்டை விதையா இருக்கலாம், வேற தோப்பும் சேத்துக்கோங்க. வனத்துறை எடம்னா கேட்டுட்டு எடுங்க.

பச்சை மாறி பழுப்பாகற, வாய் தொறக்காத காயாப் பறிச்சு சாக்கு மேல சேலம் வெயில்ல போடுங்க, செதில் ஒவ்வொண்ணா விரியும், ஒவ்வொரு செதிலுக்கும் ரெண்டு விதை, இறக்கையோட. இறக்கையத் தேச்சு எடுத்துட்டு தண்ணில போட்டா பதர் மெதக்கும், அதத் தள்ளிடுங்க. ஒவ்வொரு மரத்து விதையையும் தனிப் பைல போட்டு எடமும் தேதியும் எழுதிடுங்க, விதைக்கறப்ப நெறைய காய்ச்ச மரத்துதையே கொட்டிடாம எல்லாப் பையிலேர்ந்தும் ஒரே அளவா எடுத்துப் போடுங்க.