இலை பழுத்தால் தண்ணீரை நிறுத்துங்கள்: குளிரில் உறங்கும் தரை ஆர்க்கிட்கள்

ஹேபனேரியா என்ற தரை ஆர்க்கிட்டை வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பூ முடிஞ்சதும் இலையெல்லாம் பழுத்துப்போச்சு, என்ன உரம் போடட்டும்?" ஒன்றும் போட வேண்டாம். இருக்கிற தண்ணீரையும் குறையுங்கள். செடி சாகவில்லை, தூங்கப் போகிறது.

இந்த வகை ஆர்க்கிட்கள் மழைக்காலமும் வறண்ட குளிர்காலமும் மாறி மாறி வரும் இடங்களிலிருந்து வந்தவை. செம்மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் ஹேபனேரியா ரோடோகைலா, தென்சீனா முதல் மலேசியா வரை, ஓடையோரப் பாறைகளில் பாசிக்கு நடுவே வளர்கிறது. மழை வரும்போது ஒரே மூச்சில் இலை விட்டு, பூத்து, அடுத்த வருஷத்துக்கான கிழங்கையும் கட்டிவிடும். மழை நின்றால் மேலே ஒன்றும் இருக்காது. தொட்டியிலும் அதே கணக்குதான்.

பழுத்த இலை தானாகக் காய்ந்து கையோடு வரும்வரை விட்டுவிடுங்கள். பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் கிழங்குக்குப் போக வேண்டிய சத்து போய்விடும். பிறகு தொட்டியை 12 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் வையுங்கள். வெளிச்சம் தேவையில்லை. ஹீட்டர் ஓடும் அறையில் சின்னக் கிழங்குகள் வற்றிப்போகும். அங்கே வைத்தே ஆகவேண்டுமென்றால் மாதத்துக்கு ஒருமுறை தொட்டி ஓரமாகக் கொஞ்சம் தெளித்தால் போதும். தொட்டியில் ஒரு பெயர் அட்டை செருகி, "தண்ணீர் ஊற்றாதே" என்றும் எழுதிவிடுங்கள். வெறும் தொட்டி காய்ந்து கிடப்பதைப் பார்த்து மனசு பொறுக்காதவர் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார்.

குளிர் முடியும் சமயத்தில், துளிர் வருவதற்கு முன்பே, கலவையை மாற்றுவது என் வழக்கம். தொட்டியைக் கவிழ்த்து உதறினால் இரண்டு கிழங்குகள் கிடைக்கும். ஒன்று பழுப்பாகச் சுருங்கி, அழுத்தினால் தோல் மட்டும் மிஞ்சும். அது போன வருஷத்துச் செடியைத் தூக்கி நிறுத்தியது, வேலை முடிந்தது, எறிந்துவிடலாம். பக்கத்தில் இருப்பது புதுசு: வெளிர் நிறம், கையில் கெட்டியாக இருக்கும், ஒரு முனையில் கூர்மையான மொட்டு. செடி என்பது இனி இது மட்டும்தான். அதனால் இதன் பருமனைப் பார்த்தாலே இந்த வருஷம் பூக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சுண்டுவிரல் நுனி அளவுக்குக்கூட இல்லாததிடம் பூ எதிர்பார்க்காதீர்கள். இலை விடட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நல்ல வருஷத்தில் ஒரே செடி இரண்டு புதுக் கிழங்குகள் வைக்கும். பெருக்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. விதையிலிருந்து வளர்ப்பது வேறு உலகம்.

என் கலவை: மூன்று பங்கு பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டும் லேசான எரிமலைக் கல் துகள்கள்), இரண்டு பங்கு பொடி மரப்பட்டை, ஒரு பங்கு நறுக்கிய ஸ்பேக்னம் பாசி. தோட்டத்து மண் மட்டும் வேண்டாம். மொட்டு மேலே பார்க்க, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். தொட்டி சின்னதாக இருக்கட்டும்.

இனிதான் பொறுமை. நட்டவுடன் நனைக்கத் தோன்றும். அப்படி நனைத்தால்தான் கிழங்கு அழுகும், ஏனென்றால் உறிஞ்ச அதற்கு இன்னும் வேர் இல்லை. காலண்டரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளிர் கலவைக்கு மேலே தலைகாட்டியதும் லேசாக, இலை விரிய விரியக் கூடுதலாக. ஆரம்பத்தில் இலைகள் சுருண்டு புனல் மாதிரி நிற்கும். அதற்குள் தண்ணீர் தேங்கினால் நடுக்குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதனால் தொட்டி ஓரமாகத்தான் ஊற்றுவேன், அதுவும் காலையில்.

இலை முழுதாக விரிந்தபின் கலவை காயவே கூடாது. மழைநீர் உத்தமம், உப்புத்தண்ணீர் ஆகாது. திரவ உரம் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு, வாரம் ஒருமுறை. வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சிவெயில் நேராகப் படக் கூடாது. இந்தச் சில மாதங்களில் நீங்கள் காட்டும் அக்கறைதான் அடுத்த வருஷத்துப் பூ. இந்த வருஷத்துப் பூ போன வருஷமே தீர்மானமாகிவிட்டது. பூ வாடியதும் காய் பிடிக்க விடாமல் தண்டை நறுக்கிவிடுவதும் இதனால்தான்.

பெக்டெய்லிஸ் என்ற தரை ஆர்க்கிட் இனங்களுக்கும் இதே முறைதான். அதில் சூசன்னே என்பது பெரிய வெள்ளைப் பூ, இரவில் மணக்கும், நீண்ட குழாயில் அந்துப்பூச்சிக்குத் தேன் வைத்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய இந்தோனேசியாவின் அம்பான் தீவில் தாவரங்களை ஆராய்ந்த ரம்ஃபியஸ், தன் மனைவி சூசன்னாவின் பெயரை இதற்கு வைத்தார். 1674இல் அங்கே வந்த நிலநடுக்கத்தில் சூசன்னா இறந்துபோனார்.

இலை உதிர்க்கும் கலாந்தே என்ற ஆர்க்கிட் மட்டும் கொஞ்சம் மாறும். கலாந்தே வெஸ்டிட்டாவும் அதன் கலப்பினங்களும் இலை கொட்டியபிறகு, குளிரில், மொட்டையாக நிற்கும் சாம்பல்நிறக் குமிழின் (சத்தைச் சேமிக்கும் தடித்த தண்டின்) அடியிலிருந்து பூந்தண்டு விடும். ஆகவே இலை போனதும் தண்ணீரை முழுதாக நிறுத்தாதீர்கள். பூ முடியும்வரை லேசான ஈரம் இருக்கட்டும், அப்புறம் உலர்த்துங்கள். இவை பெருந்தீனிக்காரர்கள். மக்கிய இலை கலந்த சத்தான கலவையும் வளரும் காலம் முழுக்க உரமும் கேட்கும். அகலமான இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள். சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் வந்தால் முதலில் அங்கேதான் வரும். வசந்தத்தில் குமிழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, அடிப்பாகம் மட்டும் புதையும்படி நடுங்கள். பழைய குமிழ்களையும் எறிய வேண்டாம். அவற்றிலும் முளை வரும், பூக்கத்தான் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம்.