அரை மணி நேரத்தில் டஸ்கனி பீன்ஸ் சூப்

மற்ற இத்தாலியர்கள் ‘பீன்ஸ் தின்னிகள்’ என்று கேலி செய்யும் அளவுக்கு டஸ்கனி மக்களின் சமையலில் வெள்ளை பீன்ஸ் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பீன்ஸோடு, காவோலோ நேரோ எனப்படும் கரும்பச்சை இலைக் கீரையும் பன்றி இறைச்சி சாசேஜும் சேரும் இந்த சூப்பில், வயிற்றை நிரப்ப வேண்டியது பீன்ஸும் கீரையும்தான். சாசேஜ் சுவைக்கு மட்டுமே என்பதால் நால்வருக்கு 200 கிராம் போதும். அதற்கு மேல் சேர்த்தால் உப்பும் கொழுப்பும் கூடிவிடும்.

கேனெல்லினி எனப்படும் வெள்ளை பீன்ஸ் 400 கிராம் டின்கள் இரண்டை வடிகட்டி, உப்பு நீர் போகக் கழுவிக்கொள்ளவும். உலர்ந்த பீன்ஸாக இருந்தால் முதல் நாள் இரவே ஊறவைத்து, புதிய தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைத்து மென்மையாகும் வரை வேகவைக்க வேண்டும். வேகாத பீன்ஸில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் இளஞ்சூட்டில் அழியாது, வயிற்றைக் கெடுத்துவிடும்.

சாசேஜின் தோலை உரித்து உதிர்த்து, அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுப் பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் கரண்டி போடாமல் விட்டுவிடவும். அடியில் பழுப்பாகப் பிடிக்கும் படிவில்தான் சூப்பின் சுவை இருக்கிறது. ஓயாமல் கிளறினால் இறைச்சி நீர் விட்டு வெளிறிப்போகும். பிறகு புரட்டி வேகவிட்டு, மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரித் தண்டு, பூண்டு, ஒரு கொத்து ரோஸ்மேரி சேர்த்து எட்டு நிமிடம் வதக்கவும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடிப்பிடித்ததை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைக்கவும்.

பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கை நன்றாக மசித்து, மீதியை முழுதாகவே போட்டால் கிரீமோ மாவோ இல்லாமல் சூப் கெட்டியாகும். பார்மசான் சீஸின் காய்ந்த ஓரம் வீட்டில் இருந்தால் இப்போதே போட்டுவிடலாம். பரிமாறும்போது எடுத்துவிட வேண்டும்.

கீரை 200 கிராம் வேண்டும். காவோலோ நேரோ கிடைக்காத இடத்தில் கேல் கீரையே பொருத்தமானது. நடுத்தண்டை உருவிவிட்டு இலையை மெல்லியதாக அரிந்து, கடைசிப் பத்து நிமிடம் கொதிக்கவிடவும். பசலை போன்ற மென்கீரைக்கு இரண்டு நிமிடம் தாராளம். சாசேஜில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், இறக்கும்போது ருசி பார்த்த பிறகே உப்பிட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றியதும் மிளகுப்பொடி தூவி, நல்ல ஆலிவ் எண்ணெயைப் பச்சையாகவே சில சொட்டுகள் விட்டுச் சூடாகப் பரிமாறவும்.