கணித ஆய்வு நிறுவனத்துக்குக் கூட்டாய்வுத் திட்டம் ஒன்றை முன்மொழிவது எப்படி? யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறை எழுதுவோருக்கான செய்முறை விளக்கம்

கணித அறிவியலுக்கென உலகில் இயங்கும் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனங்கள் பல, வெளியிலுள்ள ஆய்வாளர்கள் எழுதி அனுப்பும் முன்மொழிவுகளைக் கொண்டே தமது ஆண்டு நிகழ்ச்சிகளை அமைக்கின்றன. கேம்பிரிட்ஜின் ஐசக் நியூட்டன் நிறுவனம், ஜேர்மனியின் ஓபர்வோல்ஃபாக், கனடாவின் பான்ஃப் ஆய்வு நிலையம், பெங்களூரின் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் ஆகியவை இவ்வகையின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் இந்த அழைப்புகளைப் படித்துவிட்டு, இவை பெரிய பல்கலைக்கழகங்களுக்கே உரியவை என்று ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதற்படி: கேள்வியை எழுதுதல்

படிவத்தைத் திறப்பதற்கு முன், வெறுந்தாள் ஒன்றில் உங்கள் கேள்வியை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். துறையின் பெயர் கேள்வியாகாது. "நிலத்தடி நீரின் கணித மாதிரியாக்கம்" என்ற தலைப்பில் பத்து ஆண்டுகள் பேசலாம். ஆனால் அதை முடிவுசெய்ய ஒரு வாரம் போதுமா என்று மதிப்பீட்டாளரால் சொல்ல முடியாது.

நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் தேங்கி, உள்ளே ஊடுருவும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனவும் கடல் நீரினதை 1.025 எனவும் கொண்டால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நிற்கும் இடத்தில் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்க வேண்டும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு. இத்தொடர்பு நீர் அசையாது நிற்பதாகவும், இரண்டுக்குமிடையே கூரிய எல்லை இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புக் கல்லிலோ சிறு துளைகளின் வழியே மெதுவாகக் கசியும் நீரும், கரைந்து உண்டான குகைவழிகளில் விரைந்தோடும் நீரும் அருகருகே உள்ளன. கசியும் வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதமானது என்னும் டார்சியின் விதி முன்னதற்குப் பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே கேள்வியை இப்படிக் கூர்மையாக்கலாம்: இருவகை ஓட்டங்களும் சந்திக்கும் பரப்பில் வேகம் எப்படி மாறும் என்று கூறும், 1967இல் முன்வைக்கப்பட்ட பீவர்ஸ்–ஜோசப் நிபந்தனையை எடுத்துக்கொண்டு, அடர்த்தி வேறுபாட்டையும் சேர்த்தால், நன்னீர்–உவர்நீர் எல்லைக்கான கட்டற்ற எல்லைப் பிரசினத்துக்கு, அதாவது எல்லையின் இருப்பிடத்தையே கண்டுபிடிக்க வேண்டிய பிரசினத்துக்கு, தீர்வு உண்டா? அத்தீர்வு தனித்ததா? எந்தக் கணிப்பீட்டு முறையால் அதை நம்பிக்கையுடன் அணுகலாம்?

இந்தக் கேள்விக்குப் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளில் வல்லவர், எண்சார் பகுப்பாய்வாளர், நீர்ப்புவியியலாளர் ஆகிய மூவரும் ஒரே கரும்பலகையின் முன் நிற்க வேண்டும் என்பது இப்போது தானாகவே தெரிகிறது. அதுவே முன்மொழிவின் உயிர்: இவர்கள் மின்னஞ்சலில் செய்ய முடியாத எதனை, ஒரே இடத்தில் கூடினால் செய்ய முடியும்?

இரண்டாம் படி: அளவுக்கேற்ற நிகழ்ச்சியைத் தேர்தல்

நியூட்டன் நிறுவனத்தின் நீண்ட நிகழ்ச்சிகள் நான்கு அல்லது ஆறு மாதங்கள் நடப்பவை. முதன்முறை எழுதுவோர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. பான்ஃபில் ஐந்து நாள் பட்டறைகள் மட்டுமன்றி, இரண்டு முதல் நான்கு பேர் ஓரிரு வாரங்கள் சேர்ந்து உழைக்கும் சிறு குழுத் திட்டமும் உண்டு. அமெரிக்கக் கணித நிறுவனத்தின் சிறு குழுத் திட்டமோ நான்கு முதல் ஆறு பேரை ஒரு வாரத்துக்கு அழைத்து, பணி முன்னேறினால் அடுத்த ஆண்டுகளிலும் மீண்டும் கூட வாய்ப்பளிக்கிறது. புதியவருக்கு இத்தகைய சிறு குழுவே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

மாணவரைப் பயிற்றுவிப்பதே உங்கள் முதல் நோக்கமானால், 1978இல் பிரான்சின் நீஸ் நகரில் தொடங்கிய சிம்பா (CIMPA) என்னும் சர்வதேசக் கணித அமைப்பின் ஆய்வுப் பள்ளிகளை நாடுங்கள். உள்ளூர் அமைப்பாளர் ஒருவரும் வெளிநாட்டு அமைப்பாளர் ஒருவரும் சேர்ந்து, வளர்முக நாட்டிலேயே நடத்தும் பள்ளிகள் அவை. பங்கேற்போர் கடல் கடக்க வேண்டியதில்லை. 1964இல் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் வளர்முக நாட்டு ஆய்வாளரை மனத்திற் கொண்டே உருவானது.

மூன்றாம் படி: இணை அமைப்பாளர்கள்

எழுதத் தொடங்கும் முன்பே இருவரையோ மூவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது அத்தகைய நிறுவனத்தில் முன்னர் நிகழ்ச்சி நடத்தியவராக இருப்பது நல்லது. அறிமுகமற்ற பேராசிரியருக்கு எழுதும்போது புகழுரையை விட்டு, முதற்படியில் எழுதிய ஐந்து வரிகளையும், அவருடைய எந்த முடிவு உங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதையும் மட்டும் எழுதுங்கள். மின்னஞ்சலில் பெயரைச் சேர்க்க ஒப்புக்கொண்டவர் நிகழ்ச்சிக் காலம் முழுவதும் வருவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நான்காம் படி: முன்மொழிவை எழுதுதல்

மதிப்பீட்டாளர்களுள் உங்கள் நுண்துறையைச் சாராத கணிதவியலாளரும் இருப்பர். முதற் பக்கத்தை அவருக்காகவும், நடுப்பகுதியை உங்கள் துறையறிஞருக்காகவும் எழுதுங்கள். ஏற்கெனவே நிறுவப்பட்டவை எவை, எந்த இடத்தில் நிரூபணம் நின்றுபோகிறது, எந்த அணுகுமுறை அதைத் தாண்டும் என நம்புகிறீர்கள் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். நாட்களின் ஒழுங்கையும் குறிப்பிடுங்கள். காலையில் இரு விரிவுரைகள், பிற்பகல் முழுவதும் குழுப்பணி என்ற அமைப்பு, நாள் முழுவதும் உரைகளால் நிரப்பிய அட்டவணையைவிடக் கூட்டாய்வுக்குப் பொருந்தும்.

பங்கேற்போர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கேள்வியோடு உள்ள தொடர்பை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பெயர் அங்கே இருக்கத் தேவையில்லை. இளம் ஆய்வாளர்களுக்கும் பெண் கணிதவியலாளர்களுக்கும் உரிய இடம் இருக்கிறதா என்று நிறுவனங்கள் கவனமாகப் பார்க்கின்றன, அது நியாயமானதும்கூட.

ஐந்தாம் படி: பாதீடும் காலமும்

பான்ஃபும் ஓபர்வோல்ஃபாக்கும் தங்குமிடத்தையும் உணவையும் ஏற்கின்றன. விமானச் செலவை நீங்களே தேட வேண்டும் என்று கொண்டு பாதீட்டைத் தயாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் பயண உதவிக்குத் துறைத்தலைவர், பீடாதிபதி வழியாகச் செல்லும் கடிதங்களுக்குக் காலம் எடுக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு விசாவுக்கும் அவ்வாறே. அழைப்புக் கடிதத்தை முடிந்தவரை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். முன்மொழிவுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஓராண்டுக்கு மேலும், நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இன்னும் கூடுதலாகவும் இடைவெளி இருப்பதால், இந்த அவகாசத்தை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தலாம்.

முடிவு மறுப்பாக வந்தால், மதிப்பீட்டாளர் கருத்துகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் பணிவுடன் கேளுங்கள். "கேள்வி மிகப் பரந்தது" என்று அவர்கள் சொன்னால் முதற்படியின் வரிகளைச் சுருக்குங்கள். "பங்கேற்போர் பொருந்தவில்லை" என்றால் பட்டியலை மாற்றுங்கள். திருத்திய முன்மொழிவில், முந்தைய விமர்சனங்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதைத் தனிப்பத்தியாக எழுதி, அடுத்த அழைப்பிலேயே மீண்டும் அனுப்புங்கள்.