வீட்டை எடுக்க நோட்டீஸ் வந்தால்: இழப்பீட்டைக் குறைக்கும் தவறுகள்

ஒரு குடியிருப்பையே இடித்துக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டதும், அரசு நோட்டீஸுக்கு முன்பே தெருவுக்குள் வருபவர் பெரும்பாலும் புரோக்கர்தான். "கவர்ன்மென்ட் எடுத்தா ஒண்ணும் தேறாது, இப்பவே கொடுத்துடுங்க" என்பார். அவர் சொல்லும் விலையை வழிகாட்டி மதிப்போடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துச் சம்மதிப்பதுதான் முதல் தவறு.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகர்ப்பகுதியில் மனையின் சந்தை மதிப்பு 20 லட்சம், கட்டடத்தின் மதிப்பு 10 லட்சம் என்றால், கூட்டுத்தொகையான 30 லட்சத்துக்குச் சமமான இன்னொரு 30 லட்சம் ஆறுதல் தொகையாகச் சேரும். ஆக 60 லட்சம். சமூகத் தாக்க ஆய்வுக்கான (திட்டத்தால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் ஆய்வு) அறிவிப்பு வெளியான நாளிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆட்சியரின் உத்தரவு) பிறப்பிக்கும் நாள் அல்லது சுவாதீனம் எடுக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை மனை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதமும் உண்டு. பிரிவு 96-ன்படி இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. தனியாருக்கு விற்றால் மூலதன ஆதாய வரி வரும். "மார்க்கெட்டை விட ஒன்றரை மடங்கு" என்று கேட்கப் பெரிதாக இருக்கும் 45 லட்சம், இந்தக் கணக்கின் முன் குறைவுதான். அதைவிட ஆபத்து பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது, வெற்றுத்தாளில் சம்மதக் கையெழுத்துப் போடுவது. தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுக்க பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் முன்சம்மதம் வேண்டும்; அரசு, தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம். உங்கள் கையெழுத்தைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது நாள் கணக்கு. நோட்டீஸ் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கெடுவை இழக்கிறார்கள். பிரிவு 11-ன் முதற்கட்ட அறிவிப்பு அரசிதழிலும், இரண்டு நாளிதழ்களிலும், உள்ளாட்சி, வட்டாட்சியர் அலுவலகங்களிலும் வெளியிடப்படும். வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுத்தில் போக வேண்டும். அதில் "இழப்பீடு போதாது" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. இந்த இடம் எதற்கு, பொதுநோக்கம் உண்மையா, சமூகத் தாக்க ஆய்வில் விடுபட்டது என்ன என்பவைதான் இந்தக் கட்டத்துக்குரியவை. நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் அதே மனுவில் கேளுங்கள். தொகை பற்றிய கோரிக்கைக்கு பிரிவு 21-ன் கீழ் தனி நோட்டீஸ் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இரண்டு இடத்திலும் பலவீனமாகிறார்கள்.

நோட்டீஸின் தொடக்கத்தில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைகள் சட்டம் போன்றவற்றின் கீழ் எடுத்தால் பிரிவு எண்களும் கெடுவும் வேறு.

தொகையை உயர்த்துவது ஆவணங்கள். சுற்றுவட்டாரத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான அதேவகை மனைகளின் கிரயப் பத்திரங்களில், அதிக விலை காட்டிய பாதியை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். பத்துப் பத்திரம் இருந்தால் மேலே உள்ள ஐந்து. இந்தச் சராசரியும் வழிகாட்டி மதிப்பும் வேறுபட்டால் கூடுதலானதையே எடுக்க வேண்டும். அதிகாரி எடுத்த பட்டியலில் நல்ல விலைப் பத்திரம் விடுபட்டிருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி நீங்களே கோரிக்கையோடு இணையுங்கள். கட்டடம், போர்வெல், மரம், சுற்றுச்சுவர் எல்லாம் அளவெடுப்பின்போது குறிக்கப்பட்டனவா என்று உடனிருந்து பாருங்கள். வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதாக இருந்தால், முழுவதையும் எடுக்கும்படி கேட்க பிரிவு 94 உரிமை தருகிறது. பாதி வீட்டோடு விரிசல் சுவரைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள். பங்காளிகளுக்குள் தகராறு என்று பதிவானால் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் தீர்ப்பாயத்தில் முடங்கும்.

"நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்" என்று ஒதுங்கிக்கொள்வது, எல்லாவற்றிலும் மனதை வருத்தும் தவறு. நகர்ப்பகுதியில் 3 ஆண்டுகளாக ஓரிடத்தில் வசிப்பவர்களும், அந்த இடத்தையே பிழைப்புக்கு நம்பியிருப்பவர்களும் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்தான். இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 50,000, சிறு வணிகருக்குக் குறைந்தது 25,000 என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஆனால் கணக்கெடுப்பவர் வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் பெயர் ஏறாது. 11 மாத ஒப்பந்தங்கள் அத்தனையும், கேஸ் புத்தகம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, கடையென்றால் தொழில் உரிமம், மின்கட்டண ரசீது எல்லாம் ஒரே கோப்பில் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பணம் வாங்கும் நாளில்தான் அதிகம் இழக்கிறார்கள். தொகை குறைவு என்று நினைத்தும், ரசீதில் பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், பிறகு உயர்த்திக் கேட்கும் வழி அடைபட்டுவிடும். "தொகை போதாது என்ற எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். எழுதவிடவில்லை என்றால் அதே வாசகத்தை அன்றே மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தீர்வம் சொல்லும்போது நேரில் இருந்தவர், பிரிவு 64-ன் கீழ் கூடுதல் கேட்டு மனு கொடுக்க 6 வாரமே அவகாசம். நேரில் இல்லாதவருக்கு நோட்டீஸ் கிடைத்து 6 வாரம் அல்லது தீர்வத் தேதியிலிருந்து 6 மாதம், எது முந்தியதோ அது. வெறும் "கூட்டித் தரவும்" என்ற மனு நிற்காது; ஆட்சேபணைக்கான காரணங்களை வரிசையாக எழுத வேண்டும்.

சாவியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். இழப்பீடு முழுவதும் தந்த பிறகே சுவாதீனம் எடுக்க முடியும். தீர்வத் தேதியிலிருந்து இழப்பீட்டுக்கு 3 மாதம், மறுவாழ்வுத் தொகைகளுக்கு 6 மாதம் என்பது பிரிவு 38. பாதித் தொகை வந்ததும் காலி செய்யச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்க நீங்களே மனு கொடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் வசிக்கிறீர்கள் என்பதற்கு அந்த மின் பில்லும் சாட்சி. ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, தேதியிட்ட ஒப்படைப்பு ரசீது வாங்குங்கள்.