ராணுவ ரேஞ்சில் சுடப் போகும்போது வெளியாட்கள் செய்யும் தவறுகள்

துப்பாக்கி கிளப்பில் பல வருஷம் சுட்டுப் பழகியவர்தான் ராணுவ ரேஞ்சில், அதாவது ராணுவத்தின் சுடும் பயிற்சி மைதானத்தில், அதிகம் தடுமாறுவார். கிளப்பில் சுவரும் தடுப்பும் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். ராணுவ ரேஞ்சுகள் பலவற்றில் பாதுகாப்பின் பெரும்பகுதி வெறும் தூரம்தான். மண்மேட்டுக்குப் பின்னால் யாரும் நடமாடாதபடி ஒதுக்கிப்போட்ட நிலம் அது. சின்ன .22 ரவையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். 7.62 மி.மீ. ரைஃபிள் தோட்டா மூன்று, நான்கு கிலோமீட்டர்கூடப் போகும்.

எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில்தான் அந்த நிலத்தை அளந்து ஒதுக்கியிருப்பார்கள். அதனால்தான் எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கிறார்கள். .308 என்ற ரைஃபிள் ரவையின் ஆற்றல் ஏறக்குறைய 3,500 ஜூல்; அதைவிடப் பெரிய .338 லபுவாவுக்கு 6,000-க்கும் மேல். அனுமதி வாங்கியது ஒன்றுக்கு, காலையில் "இதையும் எடுத்து வந்துட்டேன் சார்" என்று நீட்டுவது இன்னொன்றை. ரேஞ்ச் அதிகாரி திருப்பி அனுப்பினால் அவரைக் கோபித்துப் பயனில்லை.

மலிவாகக் கிடைத்ததென்று பழைய ராணுவத் தோட்டாக்களை அள்ளி வருவது அடுத்தது. இரும்பு உள்ளீடு கொண்டவை கல்லில் பட்டால் பொறி பறக்கும். எரிந்துகொண்டே பறந்து பாதை காட்டும் டிரேசர் தோட்டா காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். முனையில் சாயம் பூசியிருந்தால் என்னவென்று விசாரித்துவிட்டுத் தொடுங்கள்.

படுத்துச் சுடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. குறிபார்க்கும் ஸ்கோப், தோட்டா வெளியேறும் குழலான பேரலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் இலக்கு பளிச்சென்று தெரியும்; பேரலோ எதிரே இருக்கும் மண்மூட்டையையோ மேட்டையோ பார்த்துக்கொண்டிருக்கும். சுட்டால் தோட்டா தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுடும் முன், பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிப் பேரல் வழியாகவே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இலக்கு அங்கேயே இருக்க, சுடுமிடம் மட்டும் முன்னும் பின்னும் மாறும் ரேஞ்சுகளில் இன்னொரு மறதி உண்டு. 600 மீட்டருக்கு ஏற்றிய ஸ்கோப்பை இறக்காமல் 100 மீட்டரில் சுட்டால் .308 சுமார் 40 செ.மீ. மேலே போய் விழும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே போல்ட்டை இழுக்காதீர்கள். துப்பாக்கி முனை இலக்கு நோக்கியே இருக்கட்டும், குறைந்தது 30 விநாடி பொறுங்கள். சத்தம் மட்டும் 'பொத்'தென்று வந்தால் தோட்டா பேரலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவையை ஏற்றவே கூடாது.

"சுடுவதை நிறுத்து" என்று கத்த அதிகாரி மட்டும்தான் வேண்டும் என்பதில்லை. வேலியோரம் ஒரு ஆள், ஒரு மாடு, எதைப் பார்த்தாலும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். தப்பாகக் கத்திவிட்டோமோ என்று கூச்சப்பட வேண்டாம். முன்னால் ஆள் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடாதீர்கள், துடைப்பதற்காகக்கூட வேண்டாம்.

சுடுவது முடிந்து சிவப்புக் கொடி இறங்கிவிட்டதே என்று மேட்டுக்குப் பின்னால் உலாவப் போகிறவர்களும் உண்டு. ராணுவ நிலத்தில் வெடிக்காத குண்டு கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பென்று எதையும் எடுக்காதீர்கள், உதைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

கிளம்பும்போது, கையில் உயிருள்ள ரவையோ காலிக் கூடோ இல்லை என்று பல இடங்களில் ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வார்கள். நானும் ஒருமுறை கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி மழைக்கோட்டை உதறினால் பையிலிருந்து ஒரு ரவை தரையில் உருண்டது. அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை, மறுநாள் வந்து ஒப்படைக்கச் சொன்னார். இப்போதெல்லாம் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.