கடலையில் பூசணம்: நான் செய்தது

விருத்தாசலம் பக்கம் எங்கள் கடலைக்கு ஒரு வருஷம் வியாபாரி விலையே சொல்லவில்லை. காயை உடைத்தால் பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த தூள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அது. அது விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, புண்ணாக்கு வழியாக மாட்டுப் பாலுக்கும் வரும்.

அடுத்த பட்டத்தில் பூசணத்தை வைத்தே பூசணத்தை மடக்கினேன். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூசணத்தின் தூளை, கிலோ விதைக்கு 4 கிராம் கலந்தேன். அப்புறம் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழலில் மூடி வைத்தேன். சில நாளில் உரத்தின் மேல் வெள்ளைப் படலம், பிறகு கரும்பச்சை. பார்க்க நோய் மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதைக் கடைசி உழவில் தூவினேன். கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லி மருந்து தடவிய விதையோடு மட்டும் சேர்க்கக் கூடாது, இதுவும் செத்துவிடும்.

கலிபோர்னியாவில் பிஸ்தா தோப்புகளில் வேறு வழி: நஞ்சு சுரக்காத ஃபிளேவஸ் ரகத்தையே தானியத்தில் ஏற்றித் தூவுகிறார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டதற்கு இடமில்லை.

ஆனால் டிரைக்கோடெர்மா மட்டும் போதாது. காய் முற்றும்போது நிலம் காய்ந்தால் பூசணம் உள்ளே புகுந்துவிடும், அதனால் அப்போது தண்ணீர் விட்டேன். பறித்ததும் குவிக்காமல், குலுக்கினால் பருப்பு சலசலக்கும்வரை காயவைத்தேன். சொத்தைக் காய் இன்னும் சில வருகிறது, தனியே பொறுக்கிவிடுகிறேன். வியாபாரி இப்போது எடுக்கிறார்.